பிளேயர் காட்டும் 5.1 உண்மைதானா? வீட்டில் சரவுண்ட் ஃபார்மேட்டைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

என் மச்சான் வீடு பெங்களூரு கம்மனஹள்ளியில். பழைய ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஒன்று, ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் வாங்கி, மினி கம்ப்யூட்டரில் கோடி என்ற வீடியோ பிளேயரைப் போட்டு, ஒயர் முழுவதையும் தானே இழுத்துக் கட்டியிருந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். திரையில் படத்தின் பெயருக்குக் கீழே "டால்பி டிஜிட்டல் 5.1" சின்னம் பளிச்சென்று இருந்தது. "பின்னாடியும் சத்தம் வருது மச்சான். ஆனா முன்னாடி பேசுறவன் பின்னாடியும் பேசுறானே" என்றார். சோபாவுக்குப் பின்னால் போய் ஸ்பீக்கரில் காதை வைத்தேன். வசனம் முழுசாக அங்கேயும் கேட்டது. ரிசீவரின் முகப்பில் "பிசிஎம்", அதாவது சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி, என்று மட்டும் எழுதியிருந்தது.

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலி, ஆக ஆறு சேனல். கோப்பில் அந்த ஆறும் இருந்தது. கோடி அதைச் சரியாகவே அடையாளம் கண்டிருந்தது. ஆனால் ரிசீவருக்கு வந்து சேர்ந்தது இரண்டே சேனல். அது "எல்லா ஸ்பீக்கருக்கும் ஸ்டீரியோ" என்ற மோடில் இருந்ததால், அந்த இரண்டையே ஐந்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள் என்று இணைத்திருந்தார். நடுவில் இருந்த டிவி ஆறை இரண்டாகச் சுருக்கிவிட்டது.

அதனால் சரவுண்டைக் கண்டுபிடிப்பது என்றால் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்: கோப்புக்குள் என்ன இருக்கிறது, பிளேயர் அதை என்ன செய்கிறது, ரிசீவரிடம் என்ன போய்ச் சேருகிறது. திரையில் தெரியும் சின்னம் முதல் கேள்விக்கு மட்டுமே பதில். சில நேரம் அதற்கும் சரியான பதில் இல்லை.

பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

டால்பி டிஜிட்டலின் உள்பெயர் ஏசி-3. அதிகபட்சம் 5.1 சேனல். டிவிடியில் நொடிக்கு 448 கிலோபிட் வரை, ப்ளூ-ரேயில் 640 வரை. 1992இல் திரையரங்குக்கு வந்தது. அடுத்த ஆண்டே டிடிஎஸ் வந்தது. வட்டுகளில் அதன் முழு வேகம் 1509 கிலோபிட். டால்பி டிஜிட்டல் பிளஸ் என்பது ஈ-ஏசி-3. ஓடிடி தளங்களில் பெரும்பாலும் வருவது இதுதான். டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் தரம் இழக்காதவை, ப்ளூ-ரேயில் கிடைப்பவை.

பலர் குழம்புவது டால்பி அட்மாஸில்தான். அட்மாஸ் தனி கோடெக் (ஒலியைச் சுருக்கிப் பதியும் முறை) கிடையாது. ஈ-ஏசி-3 அல்லது ட்ரூஎச்டி மேல் ஏறிப் பயணம் செய்யும் கூடுதல் தகவல் அது. எந்த ஒலி அறையின் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. டிடிஎஸ்:எக்ஸும் அப்படியே டிடிஎஸ்-எச்டி மேல் ஏறி வருகிறது. இந்தத் தகவலைப் படிக்கத் தெரியாத கருவி அதை ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் 5.1 அல்லது 7.1ஐ எந்தக் குறையும் இல்லாமல் வாசிக்கும். "அட்மாஸ் கோப்பு ஓடுகிறது" என்பதும் "அட்மாஸ் கேட்கிறது" என்பதும் வேறு வேறு என்பது இதனால்தான்.

ஏஏசி, ஃப்ளாக், ஓபஸ் ஆகியவற்றிலும் ஆறு சேனல் இருக்கலாம். இவற்றை அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. பிளேயரே பிரித்து எல்பிசிஎம் (மேலே சொன்ன பிசிஎம்தான்) ஆக்கி அனுப்பும். இதை மனதில் வையுங்கள், கேபிள் பகுதியில் தேவைப்படும்.

முதல் படி: கோப்பைத் திறந்து பார்ப்பது

கோப்பின் பெயரை நம்பாதீர்கள். பெயரில் "5.1" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். திறந்ததும் சுருக்கமான பார்வைதான் வரும். வியூ மெனுவில் ட்ரீ அல்லது டெக்ஸ்ட் பார்வைக்கு மாற்றுங்கள். ஆடியோ பகுதியில் ஃபார்மேட், கமர்ஷியல் நேம், சேனல் எண்ணிக்கை, சேனல் லேஅவுட், பிட் ரேட் ஆகிய ஐந்து வரிகள் போதும்.

ஃபார்மேட் வரியில் "ஏசி-3", சேனல் 6, பிட் ரேட் 448 அல்லது 640 என்றால் நேர்மையான டால்பி டிஜிட்டல். "ஈ-ஏசி-3 ஜேஓசி" என்று இருந்தால் அட்மாஸ் உண்டு. ஜேஓசி என்ற மூன்று எழுத்துதான் அடையாளம். ட்ரூஎச்டி பெரும்பாலும் "எம்எல்பி எஃப்பிஏ" என்ற பெயரில் தெரியும். அதோடு "16-சிஎச்" சேர்ந்திருந்தால் அட்மாஸ். டிடிஎஸ்ஸில் "எக்ஸ்எல்எல்" என்றால் மாஸ்டர் ஆடியோ, "எக்ஸ்எல்எல் எக்ஸ்" என்றால் டிடிஎஸ்:எக்ஸ். அட்மாஸ் கோப்பில் கீழே "டைனமிக் ஆப்ஜெக்ட்" எண்ணிக்கையும் தெரியும்.

ஒரு கோப்பில் இரண்டு மூன்று ஆடியோ ட்ராக் இருப்பது சகஜம். முதல் ட்ராக் தமிழ் ஸ்டீரியோ, இரண்டாவது தமிழ் 5.1, மூன்றாவது இந்தி என்று இருக்கலாம். சின்னம் 5.1 என்று காட்டும். ஓடுவது முதல் ட்ராக்காக இருக்கும். இந்த ஒரு விஷயத்தைச் சரிபார்க்காமல் கேபிளைக் கழற்றி மாட்டியவர்கள் ஏராளம்.

சரி, சேனல் 6 என்று வந்துவிட்டது. உள்ளே உண்மையில் ஆறு விதமான ஒலி இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் ஆடாசிட்டியில் அந்த ஆடியோவைத் திறங்கள். எஃப்எஃப்எம்பெக் நூலகம் சேர்த்திருக்க வேண்டும். ஆறு அலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விரியும். நல்ல கலவையில் நடு சேனலில் வசனத்தின் மேடு பள்ளம் தனியாகத் தெரியும். சப்வூஃபருக்கான பாஸ் சேனல் நீண்ட நேரம் கோடாகக் கிடந்து, வெடிச் சத்தத்தில் மட்டும் எழும்பும். பின் சேனல்கள் மழை, கூட்டம், பின்னணி இசைக்கு ஏற்ப மெல்ல அசையும். மாறாக, பின் இரண்டும் முன் இரண்டின் அச்சாக இருந்தாலோ, படம் முழுக்க வெறும் கோடாக இருந்தாலோ அது ஸ்டீரியோவை நீட்டிச் செய்தது. எந்த பிளேயரும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை ஆறு சேனல் ஆறு சேனல்தான்.

பிளேயர் எப்படி அடையாளம் காண்கிறது

இது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். எம்கேவி, எம்பி4 போன்ற கோப்புகள் ஒரு பெட்டி மாதிரி. பெட்டியின் தலைப்பில் "உள்ளே ஏசி-3 இருக்கிறது, ஆறு சேனல்" என்று எழுதியிருக்கும். பிளேயர் முதலில் அந்தச் சீட்டைப் படிக்கிறது. பிறகு உள்ளே இருக்கும் துண்டுகளைப் பார்க்கிறது. ஏசி-3 துண்டு ஒவ்வொன்றும் ஹெக்ஸாடெசிமலில் 0பி77 என்ற குறியோடு தொடங்கும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு துண்டு 1536 சாம்பிள், அதாவது 32 மில்லிநொடி. முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை, பாஸ் சேனல் உண்டா இல்லையா என்பது துண்டின் தொடக்கத்திலேயே சில பிட்டுகளில் எழுதியிருக்கும். டிடிஎஸ்ஸுக்கு 7எஃப்எஃப்இ8001 என்று வேறொரு குறி.

இதிலிருந்து இரண்டு சிக்கல் பிறக்கிறது. ஒன்று, டிவி ஒளிபரப்பைப் பதிவு செய்த கோப்பு. படம் 5.1இல் வரும், நடுவில் விளம்பரம் ஸ்டீரியோவில் வரும். பதிவு விளம்பரத்தில் தொடங்கினால், பிளேயர் முதல் சில நொடிகளை மட்டும் பார்த்து "ஸ்டீரியோ" என்று குறித்துக்கொள்ளக்கூடும். படம் தொடங்கியதும் சேனல் மாறும். நூலகத்தில் ஒட்டிய சின்னம் மாறாது. கோப்பின் நடுப்பகுதியை ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று டிடிஎஸ் சிடியும் அதிலிருந்து எடுத்த வேவ் கோப்பும். வெளிச் சீட்டில் "பிசிஎம், 2 சேனல், 44.1 கிலோஹெர்ட்ஸ், 1411 கிலோபிட்" என்று சாதாரணப் பாட்டு சிடி போலவே எழுதியிருக்கும். உள்ளே இருப்பது டிடிஎஸ். சீட்டை மட்டும் நம்பும் பிளேயர் அதை வாசித்தால், சேனல் இல்லாத பழைய டிவியின் இரைச்சல் போல ஒரு "ஸ்ஸ்ஸ்" கேட்கும். உடனே ஒலியைக் குறையுங்கள், ஸ்பீக்கருக்கு நல்லதில்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். குறியைத் தேடிப் பார்க்கும் பிளேயரில் அதே கோப்பு 5.1ஆக அழகாகப் பாடும்.

இரண்டாம் படி: பிளேயரிடம் கேட்பது

கோடியில் படம் ஓடும்போது விசைப்பலகையில் ஓ என்ற எழுத்தை அழுத்துங்கள். ஓரத்தில் ஒரு தகவல் பலகை வரும். ஆடியோ டிகோடர் வரியைப் பாருங்கள். "பிடி-ஏசி3" என்று "பிடி" முன்னால் வந்தால் பாஸ்த்ரூ. பிளேயர் தொடாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புகிறது. "எஃப்எஃப்-ஏசி3" என்றால் பிளேயரே பிரித்து எல்பிசிஎம் ஆக்குகிறது. கோடியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்த ஒரு வரிதான், ஊகத்துக்கே வேலை இல்லை. விசைப்பலகை கையில் இல்லையென்றால் பிளேயரின் ஒலியளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பாஸ்த்ரூவில் அது வேலை செய்யாது, ரிசீவரின் ரிமோட் மட்டுமே வேலை செய்யும்.

பாஸ்த்ரூ வேண்டுமென்றால்: செட்டிங்ஸ், சிஸ்டம், ஆடியோ. கீழே இடது மூலையில் நிலையை எக்ஸ்பர்ட் ஆக்குங்கள், இல்லையென்றால் பாதி வரிகள் தெரியாது. விண்டோஸில் ஆடியோ வெளியீட்டில் டைரக்ட்சவுண்டை விட்டுவிட்டு வசாபி என்று தொடங்கும் எச்டிஎம்ஐ வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்த்ரூவை அனுமதித்து, உங்கள் ரிசீவருக்குப் புரியும் ஃபார்மேட்டுகளை மட்டும் ஆன் செய்யுங்கள். புரியாததை ஆன் செய்தால் நிசப்தம், சில ரிசீவரில் இரைச்சல். வீடியோ பகுதியில் "சிங்க் பிளேபேக் டு டிஸ்பிளே" ஆன் ஆகியிருந்தால் பாஸ்த்ரூ நடக்காது. அதை ஆஃப் செய்யுங்கள்.

விஎல்சியில் டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன். கண்ட்ரோலோடு ஜே அழுத்தினாலும் வரும். 5.1 கோப்புக்கு சேனல் வரியில் "3எஃப்2ஆர்/எல்எஃப்இ" என்று விசித்திரமாக எழுதியிருக்கும். முன்னால் 3, பின்னால் 2, ஒரு பாஸ் சேனல் என்று அர்த்தம். எளிதான, தெளிவான குறிப்பு. ஆனால் விஎல்சி சொல்வது கோப்பில் இருப்பதைத்தான். அது வெளியே எப்படி அனுப்புகிறது என்பதை ஆடியோ மெனுவிலும் ப்ரிஃபரன்ஸிலும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரி சர்வர் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது "டைரக்ட் பிளே" (கோப்பை அப்படியே அனுப்புவது) நடக்கிறதா, "ட்ரான்ஸ்கோட்" (வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றி அனுப்புவது) நடக்கிறதா என்பதை. ஜெல்லிஃபினில் படம் ஓடும்போது பற்சக்கரக் குறியை அழுத்தி பிளேபேக் இன்ஃபோவைத் திறந்தால், மாற்றினால் ஏன் மாற்றியது என்ற காரணத்தோடு சொல்லும். க்ரோமில் பார்த்தால் டிடிஎஸ் நேரடியாக ஓடாது. சர்வர் அதை ஏஏசியாக மாற்றித்தான் அனுப்பும், பல நேரம் ஸ்டீரியோவாக. சரவுண்ட் வேண்டுமென்றால் பிரவுசரை விட்டு, டிவி பெட்டிக்கான ஆப்பில் பாருங்கள். ஆண்ட்ராய்டு டிவியில் ஒலி அமைப்பில் சரவுண்ட் சவுண்டை ஆட்டோ, இல்லை, மேனுவல் என்று மாற்றலாம். ஆட்டோவில் தகராறு என்றால் மேனுவலுக்குப் போய் ஃபார்மேட்டுகளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

விண்டோஸில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பேஷியல் சவுண்டில் "டால்பி அட்மாஸ் ஃபார் ஹோம் தியேட்டர்" ஆன் ஆகியிருந்தால், சாதாரண ஸ்டீரியோ பாட்டுக்கும் ரிசீவர் அட்மாஸ் என்றே காட்டும். சோதனை செய்யும்போது அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கேபிளில் எவ்வளவு போகும்

ஆப்டிகல் கேபிள் வழியாகப் போவது 2 சேனல் பிசிஎம், அல்லது அந்த அளவுக்குள் அடங்கும் சுருக்கிய ஒலி. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், 2 சேனல்: பெருக்கினால் நொடிக்கு 1536 கிலோபிட். டிடிஎஸ்ஸின் 1509 அதற்குள் மயிரிழையில் அடங்கிவிடுகிறது, டால்பி டிஜிட்டலின் 640 தாராளமாக அடங்குகிறது. டால்பி டிஜிட்டல் பிளஸ், ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி எதுவும் இதில் போகாது. பிரித்த எல்பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான். ஆகவே ஏஏசி 5.1 கோப்பை ஆப்டிகலில் அனுப்பினால் ஸ்டீரியோவாகிவிடும். கோடியில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, டால்பி டிஜிட்டல் ட்ரான்ஸ்கோடிங்கை ஆன் செய்தால், அது ஆறு சேனலையும் ஏசி-3 ஆக மாற்றிக் கொடுக்கும். ஆப்டிகல் மட்டுமே இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

எச்டிஎம்ஐயில் எட்டு சேனல், 192 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவுக்கு, அதாவது சுமார் 24.5 மெகாபிட், ட்ரூஎச்டிக்கும் டிடிஎஸ்-எச்டிக்கும் இடம் கிடைக்கிறது. டிவியிலிருந்து திரும்பி வரும் ஏஆர்சி வழியோ ஆப்டிகலைவிடக் கொஞ்சம்தான் மேல். டால்பி டிஜிட்டல் பிளஸ் வரை கொண்டு வரும், அட்மாஸும் அதில் ஏறி வரலாம். ட்ரூஎச்டி வேண்டுமென்றால் அதன் புதிய வடிவமான ஈஏஆர்சி தேவை. டிவியும் ரிசீவரும் இரண்டுமே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். டிடிஎஸ்ஸைக் கடத்தாத டிவிகளும் உண்டு. என் கருத்து: ரிசீவரில் எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்தால் டிவியை நடுவில் வைக்கவே வைக்காதீர்கள். பிளேயரிலிருந்து ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து டிவிக்கு. மச்சான் அப்படி இணைக்காததற்கு ஒரே காரணம் கேபிள் நீளம் போதவில்லை என்பதுதான். ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளி, திங்கட்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஐந்து மீட்டர் கேபிள் வாங்கி வந்தோம்.

பிளேயருக்கு ரிசீவரின் திறமை எப்படித் தெரிகிறது? எச்டிஎம்ஐ இணைந்ததும் ரிசீவர் ஈடிஐடி என்ற சிறு பட்டியலை அனுப்புகிறது. அதில் ஒவ்வொரு ஒலி ஃபார்மேட்டுக்கும் மூன்று பைட். ஃபார்மேட்டின் எண், அதிகபட்ச சேனல், சாம்பிள் வேகம் போன்றவை அவற்றில் அடங்கும். ஏசி-3க்கு எண் 2, டிடிஎஸ்ஸுக்கு 7, ஈ-ஏசி-3க்கு 10, டிடிஎஸ்-எச்டிக்கு 11, ட்ரூஎச்டிக்கு 12. விண்டோஸில் சவுண்ட் பேனலில் எச்டிஎம்ஐ கருவியின் ப்ராப்பர்டீஸில் "சப்போர்ட்டட் ஃபார்மேட்ஸ்" தாவலைத் திறந்தால் இந்தப் பட்டியலை நேரடியாகப் பார்க்கலாம். அங்கே டால்பியே இல்லையென்றால் பிளேயரில் எத்தனை பொத்தானை மாற்றினாலும் பயனில்லை. தகராறு கேபிள் இணைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

நான்காம் படி: ரிசீவரின் முகப்பும் உங்கள் காதும்

முகப்பில் "டால்பி டிஜிட்டல்", "டிடிஎஸ்-எச்டி", "அட்மாஸ்" என்று வந்தால் பிட்ஸ்ட்ரீம் (பிரிக்காத மூல ஒலித் தரவு) அப்படியே வந்திருக்கிறது. "மல்டி சேனல்" என்றால் பிளேயர் பிரித்த எல்பிசிஎம் ஆறு சேனலாக வந்திருக்கிறது. இதில் குறை ஒன்றும் இல்லை. டால்பி விளக்கு எரியவில்லையே என்று பலர் வருத்தப்படுகிறார்கள், வெறும் 5.1க்கு பிளேயர் பிரித்தாலும் ரிசீவர் பிரித்தாலும் ஒன்றுதான். அட்மாஸுக்கு மட்டும் பாஸ்த்ரூ கட்டாயம், ஏனென்றால் கோடியும் விஎல்சியும் பிரிக்கும்போது நகரும் ஒலித் தகவல் கழன்றுவிடும்.

"டால்பி சரவுண்ட்", "நியூரல்:எக்ஸ்", "ப்ரோ லாஜிக்" என்றால் எச்சரிக்கை. இவை வந்த ஒலியை ரிசீவர் தானே விரிக்கும் முறைகள். எல்லா ஸ்பீக்கரும் பாடும், ஆனால் வந்தது இரண்டு சேனலாக இருக்கலாம். பல ரிசீவர்களில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் உள்ளீட்டுச் சேனல்களைத் தனியாகக் காட்டும். சோதிக்கும்போது ரிசீவரை "டைரக்ட்" மோடில் வையுங்கள். வந்த சேனல் மட்டுமே பாடும்.

ரிசீவரின் சொந்த டெஸ்ட் டோனை ஓடவிட்டு "ஐந்தும் பாடுதே" என்று திருப்தி அடையாதீர்கள். அது ஒயர் சரியா என்று மட்டும் சொல்லும். ஒவ்வொரு சேனலின் பெயரையும் வாயால் சொல்லும் சோதனைக் கிளிப்பை பிளேயரிலேயே ஓடவிடுங்கள். "சென்டர்" என்ற குரல் நடுவில் மட்டும், "லெஃப்ட் சரவுண்ட்" என்பது இடது பின்னால் மட்டும் வர வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பில் விரலை லேசாக வைத்தால் பக்கத்து அறையில் குக்கர் விசில் அடித்தாலும் தெரிந்துகொள்ளலாம்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை என்றால்

பெரும்பாலும் மின்வெட்டுதான். மின்சாரம் திரும்பி வரும்போது கம்ப்யூட்டர், டிவி, ரிசீவர் மூன்றும் ஒரே நேரத்தில் எழும். ரிசீவர் முழுதாக விழிக்கும் முன்பே கம்ப்யூட்டர் பட்டியலைக் கேட்டுவிட்டால், ரிசீவரின் பட்டியலுக்குப் பதிலாக டிவியின் பட்டியல் கிடைக்கும். அதில் பெரும்பாலும் 2 சேனல்தான் இருக்கும். கோடியும் அதை நம்பி அமைப்பை மாற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் ரிசீவர், அப்புறம் டிவி, கடைசியில் பிளேயர் என்று அரை நிமிட இடைவெளியில் போடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் கோடியின் ஆடியோ பக்கத்தில் வெளியீட்டுக் கருவியை மறுபடி தேர்ந்தெடுத்து, பாஸ்த்ரூ வரிகள் இன்னும் ஆனில் இருக்கிறதா பாருங்கள்.

புதுக் கேபிள் மாட்டிய அன்று ராத்திரி அதே படத்தை, அதே காட்சியிலிருந்து போட்டோம். ரிசீவரில் "டால்பி டிஜிட்டல்" வந்தது, கோடியில் "பிடி-ஏசி3". மறுபடி சோபாவுக்குப் பின்னால் போய்க் காதை வைத்தேன். வசனம் இல்லை, மழை மட்டும் பெய்தது. மச்சான் ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்: 1 ரிசீவர், 2 டிவி, 3 கம்ப்யூட்டர்.